வெளிநாட்டுச் சரக்காகிவிட்ட நாற்காலி

என் நாத்தனாருக்கு எங்கள் தெருவில் மகாராணி என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். நாடும் நகரமும் அவளுக்கு எங்கே இருந்தன? இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக்கு நடந்த அநியாயத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு எரிந்துகொண்டேதான் இருக்கும். அதனால் சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்து அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கட்டுப் போட்டவர் ஒழுங்காகப் போடவில்லை. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. இடது கால் குட்டையாகிவிட்டது. சாய்ந்து சாய்ந்து நடப்பாள், ஆனால் நிற்கச் சொன்னால் சுவரைத் தேடுவாள். சாதாரண ஸ்டூலில் உட்கார வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் இடுப்பு குத்த ஆரம்பித்து முகம் வெளுத்துவிடும். கை மட்டும் நடுங்கவே நடுங்காது. மயிரிழை மாதிரி கம்பியைக் கொடுத்தாலும் பற்றவைத்துவிடுவாள்.

என் வீட்டுக்காரர் தச்சர். தங்கை என்றால் அவருக்கு உயிர். அவளுக்கென்று ஒரு நாற்காலி செய்தார். ஒரு நாளில் முடிந்த வேலையா அது! உட்காரச் சொல்வார், எழுப்புவார், இழைப்புளியை எடுத்து ஒரு பக்கம் சீவுவார், மறுபடி உட்காரச் சொல்வார்.

"இப்ப குத்துதா?"

"லேசா குத்துதுண்ணா."

"எந்தப் பக்கம்?"

இதே பேச்சுத்தான், மாசக்கணக்கில். கடைசியில் பலகையின் இடது பக்கம் மேடாகவும் முதுகுப்பக்கம் ஒரு மாதிரி சாய்வாகவும், கால் வைக்கக் கீழே ஒரு கட்டையோடும் அந்த நாற்காலி வந்து நின்றது. வேறு யார் உட்கார்ந்தாலும் சறுக்கிவிடும். அவள் உட்கார்ந்தால் அப்படியே பொருந்தும்.

"கட்டின பொண்டாட்டிக்கு ஒரு முக்காலியாவது செஞ்சு குடுத்திருக்கீங்களா?" என்று நான் கேட்டேன்.

"உனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கே. நீ நின்னுக்கிட்டே தூங்குவே" என்றார். இந்த வார்த்தை பின்னால் என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது எனக்கென்ன தெரியும்.

ஊருக்கு வெளியே கிடந்த தரிசு நிலத்தை வளைத்துப் பெரிதாக வேலி போட்டது அந்தச் சமயத்தில்தான். சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று பலகை வைத்தார்கள். எங்கள் வாயில் அது வேலிதான். 'வேலியில வேலை கிடைச்சிருச்சா?' என்றுதான் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வோம். வெளிநாட்டு முதலீடு வர வேண்டும் என்று நகரமே ரத்தினக் கம்பளம் விரித்துக் காத்திருந்தது. நிலம் சும்மா மாதிரி விலைக்கு. தண்ணீர் தாராளம். பல வருஷத்துக்கு வரியே கிடையாது. எங்கள் தெருவில் கரண்ட் போய் நாங்கள் விசிறிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது வேலிக்குள் பகல் மாதிரி விளக்கெரியும். பொறாமையாக இருந்தாலும் பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும் கருவி செய்கிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வந்தது. நானும் அவளும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். அவள் கம்பி பற்றவைப்பாள். பக்கத்து மேசையில் நான் அதைக் காதில் வைத்துச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பேன்.

கம்பெனி கொடுத்தது உருண்டை ஸ்டூல். அதில் உட்கார்ந்து அவள் பட்ட பாட்டைப் பார்த்து எங்கள் சூப்பர்வைசரே ஒருநாள் மெதுவாக வந்தார்.

"வீட்ல உங்களுக்குத் தனியா ஒரு நாற்காலி இருக்காமே, அதைக் கொண்டாந்துடுங்க. கேட்ல மட்டும் காட்டாதீங்க. ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

ஏன் கேட்பார்கள் என்றால், அங்கேதான் இருக்கிறது வேடிக்கை. வேலிக்குள் இருக்கும் மண் எங்கள் மண்தான். எங்கள் ஆடுமாடு மேய்ந்த மண். ஆனால் சட்டப்படி வியாபாரக் கணக்குக்கு அது வெளிநாடாம்! உள்ளே போகும் பொருளுக்கு ஒரு ரசீது, அதே பொருள் வெளியே வர அந்த ரசீது. ரசீது இல்லாமல் வெளியே வந்தால் அது இறக்குமதி. பாஸ்போர்ட் இல்லாமல், தூக்குச்சட்டியோடு, தினமும் வெளிநாடு போய்வந்தவர்கள் நாங்கள்.

யாரோ விருந்தாளிகள் கூட்டம் பார்க்க வருகிறது என்று ஒருநாள் வாடகைக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டு வேன் உள்ளே போனது. வேன்காரர் என் வீட்டுக்காரருக்கு வேண்டியவர். நாற்காலியோடு நாற்காலியாக இதையும் நடுவில் செருகிவிட்டார்கள். வாசலில் இருந்தவர் வேனைத் தட்டி அனுப்பிவிட்டார். எவ்வளவு சாமர்த்தியம் என்று வீட்டில் அன்றைக்கு ஒரே சிரிப்பு. மறுநாள் வரிசையில் எல்லோரும் ஸ்டூலில் குந்தியிருக்க இவள் மட்டும் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒருத்தி, "வழிவிடுங்கடி, மகாராணி சிம்மாசனத்துல உக்காரப் போறாங்க" என்றாள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் வரிச்சலுகைக் காலம் முடிந்தது. கம்பெனி கம்பி நீட்டிவிட்டது.

இப்படிச் சொன்னால் சாதாரணமாகத் தெரிகிறது. லீவு முடிந்து திங்கட்கிழமை காலையில் நாங்கள் தூக்குச்சட்டியோடு போய் நிற்கிறோம். அட்டையைக் காட்டினால் கதவு திறக்கவில்லை. காவல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டே, "கம்பெனி இல்லம்மா" என்றார்.

"இல்லன்னா?"

"போயிருச்சு."

ஒரு மிஷின் பாக்கியில்லாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லாரி லாரியாகப் போனதை ஒருவரும் நிறுத்தவில்லை. ஒற்றைச் சாளர அனுமதியாம், ஒரே இடத்தில் எல்லா முத்திரையும் விழுந்துவிட்டதாம். வேறு ஏதோ நாட்டில் இதைவிடப் புதிய வேலி ஒன்று திறந்திருக்கிறார்களாம், வரி அங்கே இன்னும் கம்மியாம். எங்களுக்கு ஒரு வார்த்தை? வீட்டில் நாய் வளர்ப்பவன்கூட ஊரைவிட்டுப் போகும்போது அதற்குச் சோறு வைக்க ஆள் சொல்லிவிட்டுப் போவான். மண்டல மேலாளரிடம் போய்க் கேட்டோம். "அது கம்பெனியோட முடிவும்மா, நாங்க தலையிட முடியாது" என்றார். நிலத்தைத் தூக்கிக் கொடுக்கும்போது மட்டும் தலை, கை, கால் எல்லாவற்றையும் விட்டிருந்தார்கள்.

சொந்தச் சாமான்களை எடுத்துக்கொள்ள ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். செருப்பு, குடை, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் வந்தன. மகாராணியின் நாற்காலியை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். வாசலில் சுங்க அதிகாரி கையை நீட்டித் தடுத்தார். முத்திரைக்காரர் என்பது அவருக்கு நாங்கள் வைத்த பெயர்.

"இது எப்ப உள்ள வந்துச்சு?"

"வேலைக்குச் சேந்த புதுசுல சார்" என்றாள் மகாராணி.

"உள்ள வந்ததுக்கு ரசீது?"

"எங்க அண்ணன் செஞ்சது சார். எங்க வீட்டு வாசல்ல வச்சு செஞ்சாரு."

"அது நீங்க சொல்றது. உள்ள வந்ததா என்கிட்ட எந்தப் பதிவும் இல்ல. அப்ப இது இங்கயே இருந்த சாமான். வெளிய எடுத்தா இறக்குமதி."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், எந்த நாட்டுலேருந்து இறக்குமதின்னு எழுதுவீங்க? எங்க வீடு அந்தா தெரியுது பாருங்க, தண்ணித் தொட்டி பக்கத்துல."

"நீங்க பேசாதீங்கம்மா."

"வரி ஏதாவது கட்டணும்னா கட்டிடறோம் சார்" என்றாள் அவள்.

"இறக்குமதி லைசென்ஸ் இருக்கா உங்ககிட்ட?"

என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவள் அப்படியே என்னைப் பார்த்தாள். இரண்டு ஆட்கள் வந்து நாற்காலியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போய் காலிக் கொட்டகையில் போட்டார்கள். அடப்பாவிகளா! அத்தனை மிஷினும் அந்த வாசல் வழியாகத்தானே போனது. அப்போதெல்லாம் வராத சட்டம் ஒரு மரநாற்காலி வந்ததும் எழுந்து நின்றுகொண்டது.

புதிதாக ஒன்று செய்துகொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். ஊரே கேட்டது. அதற்கு முந்தின வருஷம் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஸ்பூன் பிடிப்பதே பெரும்பாடு. வேறொரு தச்சரைக் கூட்டிவந்து, பக்கத்தில் உட்கார்ந்து இவரே சொல்லச் சொல்லச் செய்ய வைத்தோம். அந்த மனிதரும் நல்லவர்தான், ஆனால் அவர் செய்து கொடுத்ததில் உட்கார்ந்து இவள் இரண்டு நாள் படுத்த படுக்கையாகிவிட்டாள். அப்புறம் இவரே இடது கையால் உளியைப் பிடித்துப் பார்த்தார். உளி நழுவித் தரையில் விழுந்தது. எடுத்துக் கொடுக்கப் போனேன். "வேணாம் விடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இத்தனைக்கும் மகாராணிக்கு வேலை காத்திருந்தது. கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடைக்காரர் ஒருவர், இவள் கை வேலையைப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வந்துடும்மா" என்றார். போனாள். அவர் கடை ஸ்டூலில் மத்தியானம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் முடியவில்லை. ஆட்டோவில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்.

"உன் நாற்காலி வந்ததும் வா. இடம் வச்சிருக்கேன். ஆனா ரொம்ப நாளைக்கு வச்சிருக்க முடியாதும்மா, எனக்கும் பொழப்பு நடக்கணும்ல."

அதுதான் விஷயம். நாற்காலி வந்தால் வேலை. வராவிட்டால் ஆயுசுக்கும் அண்ணன் வீட்டுச் சோறு. அவளுக்கு ரோஷம் ஜாஸ்தி.

"உங்க வீட்ல சும்மா உக்காந்து சாப்பிட மாட்டேன் அண்ணி."

"உக்காரவே முடியல உன்னால, இதுல சும்மா உக்கார்றதாம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் இரண்டு பேரும் முந்தானையைத் தேடினோம்.

மேலாளரிடம் எத்தனை தடவை போயிருப்போம்! கடைசித் தடவை அவர் சொன்னது இன்னும் காதில் ரீங்காரம் போடுகிறது. "உங்களுக்காக ஒரு விதியைத் தளர்த்தினா, வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம மேல நம்பிக்கை போயிடும். அப்புறம் முதலீடு எப்படி வரும், சொல்லுங்க?" ஒரு நொண்டிப் பெண்ணின் நாற்காலியில்தான் இந்த நகரத்தின் நாணயம் தொங்கிக்கொண்டிருந்ததாம்! அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். கும்பிட்டது மரியாதையில் இல்லை. கையைச் சும்மா விட்டால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

கொட்டகை காலியாகவே கிடந்தது. மாசங்கள் போயின. பிறகு புதிதாக ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இடம் பார்க்க வருகிறது என்று மேலாளருக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. வெறும் கொட்டகையைக் காட்டினால் முந்தினவன் ஏன் ஓடினான் என்று கேட்பார்களே. உடனே எங்கள் தெருக்களுக்கு வேன் வந்தது. பழைய சூப்பர்வைசர்தான் வந்து இறங்கினார். பழைய ஆட்கள் எல்லோரும் வேலைக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு நாள் வந்து உட்கார வேண்டும், வேலை செய்கிற மாதிரி கையை ஆட்ட வேண்டும். தேர்ந்த தொழிலாளர்கள் தயாராக இருக்கிறார்கள் என்று காட்டத்தானாம்.

"நடிக்கக் கூப்பிடறீங்களா?" என்றேன்.

"நல்லபடியா அமைஞ்சா உங்களுக்குத்தானேம்மா வேலை."

"நானும் வர்றேன்" என்றாள் மகாராணி, உள்ளேயிருந்து. அந்தக் குரலைக் கேட்டதுமே எனக்கு ஏதோ தட்டியது. கேட்டால் சொல்ல மாட்டாள், அழுத்தக்காரி.

கொட்டகையில் எங்கிருந்தோ பழைய மேசைகளைப் போட்டு வைத்திருந்தார்கள். நாற்காலி மூலையில் கிடந்தது. அதன்மேல் எவனோ பெயிண்ட் டப்பாவை வைத்திருந்தான். அவள் டப்பாவை இறக்கிவிட்டு, கோட்டுக் கையாலேயே பலகையைத் துடைத்து, என் பக்கத்து மேசைக்கு இழுத்துக்கொண்டுவந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள். அத்தனை மாசத்தில் வலியில்லாமல் அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

விருந்தாளிகள் வந்தார்கள். நாங்கள் பற்றவைக்கிற சூட்டுக்கோலைக் கரண்டே இல்லாமல் வைத்துப் பழைய கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தோம். நான் ஊமைக் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். மேலாளர் பேசினார். இந்த மண்டலத்தில் சரக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரு தடையும் கிடையாது, எல்லாம் ஒற்றைச் சாளரம் என்றார். என் பக்கத்தில் மகாராணி இருமினாள்.

பிறகு வெளிநாட்டுப் பெரியவர் ஏதோ சொன்னார். நல்ல சிரித்த முகம், பாவம், அவரைக் குற்றம் சொல்லக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"உங்க வேலை அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எல்லாரையும் எடுத்துக்குவாங்க. ஒண்ணு மட்டும், அவங்க முறையில நாற்காலி, ஸ்டூல் எதுவும் கிடையாது. நின்னுக்கிட்டுதான் வேலை. அப்பத்தான் சுறுசுறுப்பு வருமாம்."

"எல்லாரும் எழுந்து கை தட்டுங்க!" என்றார் மேலாளர்.

எழுந்தோம், தட்டினோம். மகாராணி எழுந்திருக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். மேலாளர் பல்லைக் காட்டியபடியே கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எழுந்திரும்மா."

"மாட்டேன் சார்."

"என்ன விளையாடறியா?"

"எழுந்தா நாற்காலி உங்களுது ஆயிடும். உக்காந்திருக்கற வரைக்கும்தான் என்னுது. நான் வெளிய போக ரசீது வேணாமில்ல? என்னை அனுப்பி வைங்க. இப்படியே."

வெளிநாட்டுப் பெரியவர் கவலையோடு பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் மேலாளரைப் பார்த்தார். மேலாளரின் மூளை அன்றைக்கு ஒரு வேலை செய்தது பாருங்கள்!

"இங்க சிறந்த தொழிலாளியை நாற்காலியோட தூக்கிட்டுப் போய் வாசல்ல இறக்கி மரியாதை பண்றது எங்க வழக்கம்னு சொல்லுய்யா."

சொல்லப்பட்டது. பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. சும்மா நின்று பார்ப்பார் என்று நினைத்தால், மனிதர் கோட்டைக் கழற்றிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார்! அவர் பிடித்த பிறகு மேலாளர் பிடிக்காமல் இருக்க முடியுமா? இன்னொரு காலை அவர், மற்ற இரண்டையும் சூப்பர்வைசரும் மொழிபெயர்ப்பாளரும். தூக்கினார்கள். மேலாளருக்கு மூச்சு வாங்கியது. போட்டோக்காரர் முன்னால் ஓடி ஓடிப் படம் எடுத்தார்.

வாசலில் முத்திரைக்காரர் வழக்கம்போலக் கையை நீட்டினார். யார் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று பார்த்ததும் நீட்டிய கை அப்படியே நெற்றிக்குப் போய் சல்யூட் அடித்தது. எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அவள் தூக்குச்சட்டியையும் என் தூக்குச்சட்டியையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். மகாராணி சிரிக்கவில்லை. இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் இறக்கி வைத்து, பெரியவர் அவளுக்குக் கை கொடுத்தார். அவர்கள் உள்ளே போய்க் கதவு மூடும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் என் வீட்டுக்காரர் இடது கையால் நாற்காலியின் பலகையைத் தடவித் தடவிப் பார்த்தார். "பெயிண்ட் கறை ஆக்கிட்டானுங்க" என்று மட்டும் சொன்னார். நல்லவேளை, கடைக்காரர் இடத்தை இன்னும் வைத்திருந்தார், மறுநாளே நாற்காலி செல்போன் கடைக்குப் போய்விட்டது. மகாராணி இப்போதும் அங்கேதான் இருக்கிறாள், வேலை பார்க்கிறாள், சம்பளம் வாங்கியதும் முதல் காரியமாக என்னிடம் வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவிட்டு மூக்கை நிமிர்த்திக்கொண்டு போகிறாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஏன் இவ்வளவு கத்தப் போகிறேன்!

புதுக் கம்பெனி வந்தது. நிலம், தண்ணீர், கரண்ட், வரிவிலக்கு எல்லாம் பழையபடியே, இன்னும் கொஞ்சம் கூடவே. நானும் போய்ச் சேர்ந்தேன். கை விழுந்து கிடக்கும் மனிதருக்கு மருந்து வாங்க வேண்டாமா? காலையில் நிற்க ஆரம்பித்தால் சங்கு ஊதும்வரை நிற்க வேண்டும். சாயங்காலம் செருப்புக்குள் கால் நுழைவதில்லை. நரம்பு புடைத்து முழங்கால்வரை நீலம் பாரித்துக் கிடக்கிறது. என் வரிசையில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் இதே விதிதான். கழிப்பறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே இருக்கும் திண்டில் உட்கார்ந்துவிட்டு வருவாள். அதையும் யாரோ கண்டுபிடித்து அங்கே முள்தகடு பதித்துவிட்டார்கள்.

போன வாரம் அவளுக்குத் தலை சுற்றியது. நான் வேலையை விட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் போனேன். அதே சூப்பர்வைசர்தான்.

"ஒரு ஸ்டூல் குடுங்க சார். வயித்துப்பிள்ளைக்காரி. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எழுந்துடுவா."

"விதி இல்லம்மா. இந்தக் கொட்டகையில யாரும் உக்காரக் கூடாது. எனக்கே நாற்காலி கிடையாது, பாக்கறீங்கல்ல?"

அவர் தலைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு படம். வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டவென்றே பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். 'உழைப்பவரைத் தூக்கிக் கொண்டாடும் நகரம்' என்று கீழே எழுத்து. மேலாளர் தூக்குகிறார், பெரியவர் தூக்குகிறார், இதே சூப்பர்வைசரும் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறார். நடுவில் என் நாத்தனார் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்ப அது யாரு சார்?" என்று கையை நீட்டிக் கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "போய் உங்க இடத்துல நில்லுங்கம்மா" என்றார்.